கணப்புக்குப் பின்னாலிருந்த பழைய பாய்லரைக் கழற்றிய அனுபவம்

அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்தில், டல்லமோர் நகருக்கு வெளியே 1978-இல் கட்டப்பட்ட தரைத்தள வீடு ஒன்றை நாங்கள் வாங்கினோம். வரவேற்பறைக் கணப்பின் பின்சுவரில் ஓர் இரும்புப் பெட்டி பதிந்திருப்பதும், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் அத்தனைக்கும் வெந்நீர் அதிலிருந்து போவதும் குடிவந்த பிறகே எங்களுக்குத் தெரியவந்தன. இதை இங்கே பேக் பாய்லர் என்பார்கள். நம் ஊர்க் குளியலறைகளில் நடுவே கரி எரிய, சுற்றிலும் நீர் காயும் செப்பு பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும். அதில் காய்ந்த நீரை மொண்டு குளித்துவிடுகிறோம்; இதில் அதே நீர் குழாய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வீட்டுக்கு வெளியே மண்ணெண்ணெய் பாய்லர் ஒன்றும் இருந்தது. இரண்டும் ஒரே குழாய் வலையில் இணைந்திருந்தன. முதல் குளிர்காலத்தில், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிகளைத்தான் எரித்தோம். அந்த மணம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு புயல் இரவில் மின்சாரம் போயிற்று. மண்ணெண்ணெய் பாய்லர் அந்த நொடியே அணைந்தது. கணப்புத் தீயை அணைக்கவோ பொத்தான் எதுவும் கிடையாது. நீரைச் சுற்றவிடும் பம்ப் நின்றுவிட்டதால் பாய்லருக்குள் நீர் கொதிக்கத் தொடங்கி, சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் குழாய்கள் இடித்தன. பரணில் ஏறிப் பார்த்தபோது, திறந்த குழாயின் வளைந்த வாயிலிருந்து கொதிநீர் விட்டுவிட்டுத் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. பயந்துபோய், தணலை இடுக்கியால் எடுத்து இரும்பு வாளியில் போட்டு முற்றத்துக்குச் சுமந்தேன். அந்தக் குழாய் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அன்று ஒன்றும் ஆகவில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தீயை உடனே நிறுத்த முடியாது என்பதால், இதுபோன்ற திட எரிபொருள் பாய்லரில் நீர் விரிந்து வெளியேற வால்வு இல்லாத திறந்த வழி எப்போதும் இருந்தாக வேண்டும்.

முதலில் வந்த பிளம்பர், பாய்லர் அங்கேயே இருக்கட்டும், இரண்டு குழாய்களையும் வெட்டி முனைகளை மூடிவிடுகிறேன், அரை நாள் வேலை என்றார். இரண்டாவதாக வந்த பெரியவர் அதைக் கேட்டதும் கையிலிருந்த டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, நிதானமாக விளக்கினார். முனைகளை மூடிவிட்டால் உள்ளே தங்கும் சிறிதளவு நீருக்கும் போக்கிடம் இல்லை. சாதாரண அழுத்தத்தில் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். பிற்பாடு விவரம் அறியாத எவரேனும் அந்தக் கணப்பில் தீ மூட்டினால் பாய்லர் குண்டுபோல வெடிக்கும். கழற்றவே வழியில்லை என்றால் நீரை முழுவதும் வடித்து, குழாய் முனைகளைத் திறந்தே விட்டு, பெட்டியில் துளையிட வேண்டும் என்றார். அவர் கேட்ட கூலி முன்னவரைப்போல் மூன்று மடங்கு. வேலையை அவரிடமே கொடுத்தேன்.

அவர் எதையும் வெட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் குழாய்களைத் தொட்டுத் தடவி, சாக்கட்டியால் குறியிட்டுக்கொண்டே நடந்தார். பரணுக்குப் போகும் திறந்த குழாயை மண்ணெண்ணெய் பாய்லரும் பங்கிட்டுக்கொண்டிருந்தது. பழையதோடு சேர்த்து அதையும் வெட்டியிருந்தால், மிஞ்சும் பாய்லருக்கு மூச்சுவிட வழியிருந்திருக்காது. குளியலறையில் வால்வே இல்லாத ஒரு ரேடியேட்டர் இருந்தது. பழுதென்று நினைத்து அதை மாற்றச் சொல்லியிருந்தேன். பம்ப் நின்றாலும் மிகைச் சூட்டை வாங்கிக்கொள்வதற்காகவே, கணப்புப் பாய்லரோடு மட்டும் இணைத்து வைத்த ரேடியேட்டர் அது என்றார். புதிய இணைப்பு கொடுக்காமல் விட்டிருந்தால் எங்கள் குளியலறை குளிர்காலம் முழுவதும் சில்லிட்டுக் கிடந்திருக்கும்.

கழற்றும் வேலை ஒன்றரை நாள் பிடித்தது. வடிகுழாய்த் திருகு துருவில் இறுகிப்போயிருந்ததால், குழாயை அறுத்து நீரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மை போன்ற கறுப்பு நீர். வாளியின் அடியில் படிந்த தூளருகே காந்தத்தைக் கொண்டுபோனதும் அது மீசைபோல் ஒட்டிக்கொண்டது. ரேடியேட்டர்களும் குழாய்களும் தம்மையே அரித்து உதிர்த்த இரும்பு அது. சுற்றிலுமிருந்த தீச்செங்கல்லை உடைத்து, இரும்பறுக்கும் கிரைண்டரால் பெட்டியை இரண்டாக அறுத்து, இருவர் சேர்ந்து தூக்கிப்போனார்கள். பிரதானக் குழாயோடு சேரும் இடம்வரை கிளைக் குழாய்களை எடுத்துவிட்டார்கள். நீர் ஓடாமல் தேங்கும் முட்டுச்சந்து எதுவும் இருக்கக் கூடாதாம். புகைபோக்கியிலிருந்து ஜாக்டா என்னும் சிறு காக்கைகள் சேர்த்த சுள்ளி மட்டும் நான்கு மூட்டை வந்தது.

இனித் தீ இல்லை என்பதால் குழாய் வலையை மூடிய அமைப்பாக மாற்றினோம். பரணிலிருந்த தொட்டிக்குப் பதில், சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக்கலனும், 3 பார் அழுத்தத்தில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் வந்தன. தரைத்தள வீட்டில் பரண் தொட்டி தரும் அழுத்தம் 0.3 பார் அளவே இருக்கும், இப்போது 1.2 பார். மூன்றாம் நாள் காலை, நாற்பதாண்டுக்கு மேலாகத் தொல்லை தராமல் இருந்த படுக்கையறை ரேடியேட்டரின் அடிமூட்டு கசிந்து, தரைவிரிப்பில் கறுப்பு வட்டம் போட்டிருந்தது. இதை மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

* * *

வேறொருவரின் அனுபவம்: மேலே சொன்ன மூடிய முனைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில், லெஸ்டரில் உள்ள எங்கள் வீட்டில் விறகடுப்பு வைப்பதற்காக, மரப்பலகையால் அடைத்திருந்த பழைய கணப்பைத் திறந்தோம். புகைபோக்கி துடைக்க வந்தவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தூரிகையை விரிக்காமலே நிறுத்திவிட்டார். தீச்செங்கல்லுக்குப் பின்னே பாய்லர் அப்படியே இருந்தது; பக்கத்து அலமாரிக்குள் இரண்டு செப்புக் குழாய்கள் ஈயப்பற்று வைத்து நேர்த்தியாக மூடப்பட்டிருந்தன. கைவிட்ட இத்தகைய பாய்லர்களைப் பற்றி பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் எச்சரித்திருப்பதை அவர்தான் சொன்னார். பாய்லரைச் சுற்றியிருந்த அடைப்புக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்பதால், பரிசோதனை முடிவு வரும்வரை அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். 1999-இல்தான் இங்கே வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது. வீடோ அதற்கு வெகுகாலம் முந்தியது.

* * *

மூன்றாமவரின் அனுபவம்: நாங்கள் அயர்லாந்தின் ராஸ்காமனில் இருக்கிறோம். எங்கள் கணப்புப் பாய்லரையும் எடுத்தோம், புகைபோக்கியை அடைக்கவில்லை. நீர்த்தொடர்பு இல்லாத சாதாரண விறகடுப்பு ஒன்றை அந்த இடத்தில் வைத்தபோது, வீண்செலவு என்று என் கணவர் முணுமுணுத்தார். 2025 ஜனவரி 24-ஆம் தேதி எயோவின் புயல் அடித்து, நாடெங்கும் 7,68,000 இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. எங்களுக்குத் திரும்பிவர ஒன்பது நாள் ஆனது. மின்சாரத்தில் இயங்கி வீட்டைச் சூடாக்கும் புதிய வெப்ப பம்ப் சுவரோரம் பனியில் ஊமையாக நின்றது. பாய்லர் இல்லாததால் குழாய் கொதிக்கும் என்ற பயமின்றி இரவெல்லாம் அடுப்பை எரித்தோம். ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்தோம். மற்ற அறைகளில் மூச்சு விட்டால் புகையாகத் தெரிந்தது.