தாத்தா வீடு – கூடத்து மேல்தளம் (குடும்பக் குழு)

முரளி: கூடம் 12 அடி அகலம். ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை. மேற்குச் சுவர்ல 3, 4, 5-வது கட்டை நுனியில ஸ்க்ரூடிரைவர் முக்கால் இஞ்ச் உள்ள போகுது. மத்ததைத் தட்டினா கணீர்னு இருக்கு. மேஸ்திரி மொத்தமா இடிச்சு கான்கிரீட் போடலாம்ங்கறார்.

குமார் மாமா: மூணு நுனிக்கு, கட்டை மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட முழு மெட்ராஸ் ஒட்டையும் இடிக்கிறதா! உளுத்தது எவ்வளவு தூரம் போயிருக்கு?

முரளி: 6 எம்எம் பிட் போட்டுப் பாத்தேன் மாமா. சுவர்லேர்ந்து ஒரு அடிக்குள்ள கருப்பா ஈரத்தூள். அதைத் தாண்டினா நல்ல தேக்குத் தூள்.

கணேசன் சித்தப்பா: நேர் மேல என்ன இருக்கு?

முரளி: தண்ணி போற தூம்பு. மொட்டை மாடியில பதிச்ச தட்டோட்டு மேல பழைய சிமெண்ட் கான்கிரீட் 2 இஞ்ச், பாளம் பாளமா வெடிச்சிருக்கு.

கணேசன் சித்தப்பா: அதான் வினை. வெடிப்புல இறங்கின தண்ணி மேல காய வழியில்லாம, சுண்ணாம்பு வழியா சுவருக்குள்ள இருக்கற கட்டை நுனியில போய் நிக்குது. பாரமும் சதுர அடிக்கு 11 கிலோ கூடுதல். அதை எடுத்தே ஆகணும்.

வசந்தி அத்தை: பிரேக்கர் மிஷின் வேண்டாம் முரளி. அந்த அதிர்வுல ஒட்டுல குத்தா அடுக்கியிருக்கற செங்கல், குத்துக்கல், உதிரும். உளி சுத்தியல்தான்.

கணேசன் சித்தப்பா: ஆமா அக்கா. ஆனா முதல்ல கீழ முட்டு. சுவர்லேர்ந்து ஒன்றரை அடி தள்ளி, கட்டைகளுக்குக் குறுக்கே அடியில நீளமா ஒரு ஓடுகட்டை, அதைத் தாங்க 3 அடிக்கு ஒரு ஜாக்கி (திருகி உயரம் மாத்தற இரும்பு முட்டு), அடியில பலகை. 2-லேர்ந்து 6 வரைக்கும் பிடிக்கணும். இறுக்கமா நின்னா போதும், தூக்காதே. தொய்வை நிமிர்த்தப் போனா ஒட்டு வெடிக்கும்.

குமார் மாமா: நுனியை வெட்டிட்டு ரெண்டு பக்கமும் சேனல் (‘ப’ வடிவ இரும்பு) வச்சு போல்ட் பண்ணிடலாமே? இரும்பு மிச்சம்.

கணேசன் சித்தப்பா: பண்ணலாம். ஆனா பாரம் முழுக்க நாலஞ்சு போல்ட்ல போகும். அத்தனை ஓட்டை நல்ல கட்டையைக் கெடுக்கும், மரம் சுருங்கினா தளரும். பக்கத்துலயே முழு நீளத்துக்கு ஐ பீம் போடறதுதான் எனக்குச் சரின்னு படுது.

குமார் மாமா: அப்ப 100 எம்எம் பீம் போதும்ல?

கணேசன் சித்தப்பா: தாங்கும், ஆனா தொய்யும். ஒட்டு 9 இஞ்ச் கனம்னா சதுர அடிக்கு 40 கிலோ, ஆள் நடமாட்டம் 14. ஒரு கட்டைக்கு ஒரு டன் பக்கம் வரும். 100-ல 12 எம்எம் தொய்வு, 125-ல 7. சுண்ணாம்பு வளையாது, வெடிக்கும். 125 போடு.

முரளி: பீம் 13½ அடி. அறைக்குள்ள வச்சு ரெண்டு சுவர்லயும் எப்படிச் சொருகறது?

குமார் மாமா: ஒரு சுவர்ல குழியை 18 இஞ்ச் ஆழமா எடு, எதிர்ச்சுவர்ல 9 போதும். ஆழமான பக்கம் முழுசாத் தள்ளி, மட்டம் பண்ணி, பின்னாடி இழு. ரெண்டு பக்கமும் 9 இஞ்ச் உக்காரும். ஒரு பீமுக்கு 54 கிலோ, நாலு ஆள் வேணும்.

முரளி: அந்தச் சுவர் 18 இஞ்ச்தான் மாமா.

குமார் மாமா: அப்ப குழி வெளிய தொறந்துக்கும். 13 இஞ்ச் எடு, எதிர்ல ஆறரை. அறை 12 அடிக்கு ரெண்டு பக்கமும் ஆறரை இஞ்ச் உக்கார பீம் 13 அடி 1 இஞ்ச் வெட்டிக்கோ. முன்னாடி சாய்வா நுழைக்கணும், குழி வாயை கொஞ்சம் உயரமா விடு.

கணேசன் சித்தப்பா: குழி மூணையும் ஒரே நாள்ல உடைக்காதே, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு. பீம் உக்கார்ற இடத்துல கான்கிரீட் கட்டி 12-க்கு 9-க்கு 6 இஞ்ச். செங்கல் மேல நேரா வச்சா நொறுங்கும்.

முரளி: பீமுக்கும் ஒட்டுக்கும் இடைவெளி?

கணேசன் சித்தப்பா: ஒன்றரை அடிக்கு ஒரு இரும்புத் தகடு ஆப்பு, நடுவுல சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பற சிமெண்ட் கலவை). ஏழு நாள் கழிச்சு ஜாக்கியைக் கால் திருகு, கால் திருகா, ரெண்டு நாள்ல இறக்கு.

வசந்தி அத்தை: சுவருக்குள்ள போற பீம் நுனிக்கு எபாக்ஸி பிரைமர் ரெண்டு கை. வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்துல நிக்காது. நல்லா இருக்கற கட்டை நுனிகளைச் சுத்தி அரை இஞ்ச் காத்து விடணும், சிமெண்ட் வச்சு அடைச்சிடாதீங்க.

முரளி: சரி அத்தை. தூம்பு நாளைக்கே பிரிக்கிறேன், ஜாக்கி திங்கட்கிழமை வருது.

கணேசன் சித்தப்பா: ஜாக்கி நின்னப்புறம் தூம்பைத் தொடு.