கண்ணை வைத்துப் பொய் கண்டுபிடிக்கும் சோதனை: தம்பி கையெழுத்துப் போடலாமா?

கொழிஞ்சாம்பாறை செந்தில்:
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி கேரளாவில், பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அங்கே செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயிருக்கின்றன. போலீஸுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தனியார் ஏஜென்சியை வரவழைத்து, ஸ்டோர், கேட், லோடிங் ஆட்கள் என்று 40 பேருக்கும் கண் சோதனை வைக்கப் போகிறார்களாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் வரும் வாக்கியத்தைப் படித்து, சரி அல்லது தப்பு என்று அழுத்த வேண்டும், கேமரா கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும், பொய் சொன்னால் தெரிந்துவிடும் என்கிறார்கள். வாக்கியங்கள் மலையாளத்தில். தம்பி மலையாளம் நன்றாகப் பேசுவான், ஆனால் பத்தாவது வரை தமிழ் மீடியம், மலையாளத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடாவிட்டால் இவன்தான் எடுத்தான் என்று பேச்சு வந்துவிடாதா? அவன் எடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர்ப்புழை:
செந்தில் அண்ணா, நான் வாசிப்பு ஆய்வுக்காக ஐ டிராக்கரில், அதாவது கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியில், வேலை செய்தவள், அதனால் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது கண்ணுக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அதன் பிரதிபலிப்பையும் கண்மணியையும் படம் எடுக்கிறது. அதிலிருந்து பார்வை எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நின்றது, திரும்பிப் போய்ப் படித்ததா, எத்தனை தடவை இமைத்தது, கண்மணி எவ்வளவு விரிந்தது என்று கணக்கு எடுக்கும். மூளைக்கு வேலை கூடினால் கண்மணி விரியும், இது 1960களிலேயே பெருக்கல் கணக்குக் கொடுத்துப் பார்த்துக் காட்டிய விஷயம். விரிவு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான், ஆனாலும் அளக்க முடியும். பொய் சொல்வதும் வேலைதான், அதனால் விரியும் என்பது இந்தச் சோதனையின் அடிப்படை.

ஆனால் வேலை பொய்யால்தான் கூடியது என்று கண்மணி சொல்லாது. பயம், கோபம், தூக்கமின்மை, அறையின் வெளிச்சம், சில மருந்துகள், கண்ணில் விடும் சொட்டு மருந்து, எல்லாமே அதை மாற்றும். உங்கள் தம்பி விஷயத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் மொழி. இந்த வகைச் சோதனையை உருவாக்கிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்மணியோடு வாசிப்பு வேகத்தையும் சேர்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவருடைய பார்வை ஒவ்வொரு சொல்லிலும் நிற்கும், திரும்பிப் போகும், கண்மணியும் விரியும். ஒருவருடைய பதில்களை அவருடைய மற்றப் பதில்களோடுதான் ஒப்பிடுகிறோம், அதனால் மொழி பாதிக்காது என்று ஏஜென்சி சொல்லலாம். ஆனால் திருட்டு பற்றிய வாக்கியத்தில் ஒரு கடினமான சொல் வந்துவிட்டால், அந்தத் தடுமாற்றம் அந்த வாக்கியத்தின் கணக்கில்தான் ஏறும்.

மீனாட்சிபுரம் ராஜு:
நான் வேறு மாதிரி நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் காணோம் என்றால் முதலில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவது லோடிங் ஆளைத்தான், அங்கே என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அடிக்கு ஒரு கேமரா எவ்வளவோ மேல். வாக்கியங்களைத் தமிழில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு உட்காரட்டும். எடுக்காதவன் ஏன் பயப்பட வேண்டும்?

சித்தூர்ப்புழை:
ராஜு அண்ணா, அடி கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எடுக்காதவன்தான் இங்கே பயப்பட வேண்டும், ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விற்பவர்கள் சொல்லும் துல்லியம் சுமார் 86 சதவீதம், அதையே எடுத்துக்கொள்வோம். 40 பேரில் திருடியவர் ஒருவர் என்றால் மீதி 39 பேர் நிரபராதிகள். அவர்களில் 14 சதவீதம், அதாவது ஐந்தாறு பேர், பொய்யர் என்று காட்டப்படுவார்கள். திருடியவர் மாட்டினால்கூட, மாட்டிய கூட்டத்தில் பெரும்பாலோர் ஒன்றும் செய்யாதவர்கள். அந்த 86கூட, செயலாளரின் பையிலிருந்து 20 டாலர் எடுக்கச் சொல்லிச் செய்து பார்த்தது போன்ற ஒத்திகைத் திருட்டுகளை அடிப்படையாக வைத்து வளர்ந்தது. அங்கே யாருக்கும் வேலை போகாது.

குற்றம் செய்தவருக்கு மட்டும் தெரிந்த பொருளைப் படமாகக் காட்டி, கண் அதை அடையாளம் காண்கிறதா என்று பார்க்கும் இன்னொரு முறை இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் நியாயமாகவே படுகிறது. ஆனால் ஸ்டோர் கீப்பருக்கு எல்லாச் சுருளும் தெரியும், எல்லா ரேக்கும் தெரியும்! அவரிடம் அதைச் செய்து என்ன பயன்?

கொல்லங்கோடு வக்கீல்:
சட்டம் நான் சொல்கிறேன். 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், மருந்து ஏற்றி அரை மயக்கத்தில் கேள்வி கேட்கும் நார்கோ, மூச்சையும் நாடித்துடிப்பையும் அளக்கும் பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை மூன்றையும் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 20(3), உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21 ஆகிய பிரிவுகளை வைத்துச் சொன்னது. சம்மதம் கொடுத்துச் செய்தாலும் அந்த முடிவு தானாகச் சாட்சியம் ஆகாது, அதன் வழியாகப் பின்னால் கண்டெடுத்த பொருளோ தகவலோதான் ஏற்கப்படலாம். போலீஸ் கேட்டால்கூட வக்கீல் உதவி வேண்டும், சம்மதம் மாஜிஸ்திரேட் முன்னால் பதிவாக வேண்டும். 2025லும் பீகார் வழக்கு ஒன்றில் இதையே உறுதிப்படுத்தினார்கள். தீர்ப்பில் கண் சோதனையின் பெயர் இல்லை, ஆனால் உடம்பின் எதிர்வினையிலிருந்து மனதில் இருப்பதை இழுக்கிற எல்லாவற்றுக்கும் அதே வாதம் பொருந்தும் என்றுதான் நான் நின்று பேசுவேன்.

செந்தில், இங்கே கேட்பது போலீஸ் இல்லை, முதலாளி. கம்பெனி உள் விசாரணையில் நீதிமன்றம் அளவுக்குக் கண்டிப்பான நிரூபணம் தேவையில்லை, அதனால்தான் அந்தச் சம்மதக் கடிதம் ஆபத்து. அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை செந்தில்:
ரொம்ப நன்றி அக்கா, சித்தூர் தங்கச்சிக்கும். சும்மா மறுத்தால் சந்தேகம் வருமே, அதற்கு என்ன செய்வது? தமிழில் கொடுத்தால் உட்காரலாமா?

கொல்லங்கோடு வக்கீல்:
தமிழில் கொடுத்தாலும் அந்த ஐந்தாறு பேர் கணக்கு மாறாது. வாயால் மறுக்க வேண்டாம், எழுதிக் கொடுக்கட்டும். "விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைக்கத் தயார். ஸ்டாக் ரெஜிஸ்டர், கேட் பாஸ், எடை மேடைச் சீட்டு, சிசிடிவி பதிவு நான்கையும் என் முன்னால் சரிபார்க்கவும். கண் சோதனைக்கு மட்டும் சம்மதம் இல்லை." இவ்வளவு போதும். செம்பு கேட்டைத் தாண்டாமல் வெளியே போயிருக்காது, அதை ஏற்றிய வண்டி எந்தத் தேதியில் போனது என்று பார்ப்பதுதான் விசாரணை. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், மலையாள நகல் ஒன்று சேர்த்து, இரண்டிலும் தேதியோடு பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். சிசிடிவி பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே போகும், அதனால் நாளைக்கே கொடுக்கட்டும்.