முடியப்பனும் ஸ்டீபனும் ஒரே பெயரா? விளக்கம் தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் தாத்தாவின் பெயர் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘முடியப்பன்’ என்றும், அவர் வேலை பார்த்த இடத்துத் தாள்களில் ‘ஸ்டீபன்’ என்றும் இருக்கிறது. இவை இரு வேறு ஆட்களின் பெயர்கள் என்று வீட்டில் சிலர் வாதிடுகிறார்கள். அடுத்த மாதம் ஞானஸ்நானம் பெறவிருக்கும் என் மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைக்க விரும்புகிறேன். பெயரின் பொருளையும், எந்த வடிவம் சரி என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இரண்டும் ஒரே பெயர்தான், ஐயா. கிரேக்கத்தில் ‘ஸ்டெஃபனோஸ்’ என்றால் தலையில் சூடும் முடி. கல்லால் எறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சியின் பெயர் இது. பவுலைச் சின்னப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் பொருள் நோக்கி அழைத்த கத்தோலிக்க வழக்கு, இவரை முடியப்பர் ஆக்கியது. அவருடைய திருநாள் டிசம்பர் 26. பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியையும் பெற்றோர் பெயர்களையும் அலுவலகத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம். அரசன் அணியும் முடிக்குக் கிரேக்கத்தில் ‘டியாடெமா’ என்ற தனிச்சொல் உண்டு. ஸ்டெஃபனோஸ் என்பது பெரும்பாலும் போட்டியில் வென்றவனுக்கு இலைகளால் கட்டிச் சூட்டும் மாலை. நம் மொழியில் சொன்னால் வாகை. வெளிப்படுத்தல் 2:10இல் வரும் ‘ஜீவகிரீடம்’, இயேசுவின் தலையில் வைத்த முள்முடி ஆகிய இரண்டுக்குமே கிரேக்க மூலத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. இன்றும் கிரேக்கத் திருமணங்களில் மணமக்கள் தலையில் வைக்கும், ஒரே நாடாவால் இணைத்த இரு வளையங்களை ‘ஸ்டெஃபனா’ என்கிறார்கள். முதல் பேரனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரைச் சூட்டுவது அங்கும் பழைய வழக்கம். ‘பெயரன்’ என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பெற்றோர் பெயர்கள் பொருந்துகின்றன. பிறந்த நாள் டிசம்பர் 24, ஞானஸ்நானம் 26ஆம் தேதி! ஆனால் விவிலியத்தில் ‘ஸ்தேவான்’ என்று இருக்கிறதே? ஆங்கிலத்தில் ‘பி-எச்’ போட வேண்டுமா, ‘வி’ போட வேண்டுமா?

மறுமொழி 3:
தேதியே உங்கள் வீட்டு வாதத்தை ஏறக்குறைய முடித்து வைக்கிறது. ஸ்தேவானும் அதே பெயர்தான்; போர்த்துகீசியத்தில் ‘எஸ்தேவாவ்’, பிரெஞ்சில் ‘எத்தியேன்’, ஹங்கேரியில் ‘இஷ்த்வான்’ என்று அது ஊருக்கு ஊர் உருமாறியிருக்கிறது. ஸ்டீபனை நம் பெரியவர்கள் ‘இஸ்டீபன்’ என்பதைக் கேலி செய்பவர்கள், பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் இதே பெயரின் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டதைக் கவனிப்பதில்லை. ‘பி-எச்’ கிரேக்க எழுத்தை ஒட்டியது, ‘வி’ ஆங்கில ஒலிப்பை ஒட்டியது, இரண்டும் சரியே. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரியைப் போல ‘பி-எச்’ எழுதி ‘ஸ்டெஃபன்’ என்று ஒலிப்பவர்களும் உண்டு. தாத்தாவின் தாள்களில் இருக்கும் எழுத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் கோயில் பதிவேட்டிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியப்பன் என்பதை ஞானஸ்நானப் பெயராகத் தனியே எழுத நினைத்தால், இரண்டையும் ஒரே வரியில் எழுதித் தருமாறு பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.