பதிவு போட்ட பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா?

வியாசர்பாடி, மாலை வகுப்பு நடத்துபவர்:

எங்கள் தெருவில் எட்டுப் பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறோம். பள்ளி திறக்கும் சமயத்தில் பை, நோட்டு வேண்டும் என்று இன்ஸ்டாகிராமில் போட்டோம். கூடவே ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிழிந்த பையை மடியில் வைத்திருந்த படம். இரண்டே நாளில் எங்கெங்கோ போய்விட்டது. பைகள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பெண் மட்டும் வகுப்புக்கு வரவில்லை.

நான்காம் நாள் அவள் அம்மா வாசலில் வந்து நின்றார். "எம் பொண்ண ஊருக்கே பிச்சக்காரியா காட்டிட்டியேம்மா. இஸ்கூல்ல புள்ளைங்க அவள அப்படியே கூப்புடுதுங்க." எனக்குப் பேச்சு வரவில்லை. படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அதை எடுத்துப் போட்டிருந்த மற்ற பக்கங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. சிலர் கடைசி வரை எடுக்கவே இல்லை. அவள் வீட்டுக்கு மூன்று முறை போன பிறகுதான் வகுப்புக்குத் திரும்பினாள்.

18 வயது ஆகாதவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதைப் பிறகு தெரிந்துகொண்டேன். சட்டம் தெரியாவிட்டாலும் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் முகம் இல்லை. கரும்பலகை, நோட்டு, எத்தனை வேண்டும் என்ற எண், அவ்வளவுதான். கிடைத்ததும் "போதும், நன்றி" என்று அதே பதிவில் எழுதிவிடுகிறோம்.

உங்களுக்கு எப்படி நடந்தது? எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை:

அக்கா, "போதும்" என்று எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தேன். எங்கள் முகாமுக்குப் பால் பவுடர் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டோம். தேதி போடவில்லை. தண்ணீர் வடிந்து, முகாமை மூடி, எல்லோரும் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதும் பால் பவுடர் தருகிறோம் என்று போன் வந்தது. படுக்கப் பாய் கேட்ட பக்கத்துத் தெருவுக்கு யாரும் போகவில்லை.

எண்ணூர், தாழங்குப்பம்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் எங்கள் ஆற்றுக்கு வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. வாளியும் மக்குமாக எங்கள் ஆட்கள் கையாலேயே அள்ளினார்கள். நாங்கள் பசங்க போனில் எடுத்துப் போட்ட முதல் நாள் வீடியோக்களில் அழுகையும் கத்தலும்தான் இருந்தன. எந்த இடம், எந்த நாள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. குப்பத்து அண்ணன் ஒருவர்தான் சொன்னார்: "மொதல்ல தேதி சொல்லு, நேரம் சொல்லு, பாலத்தைக் காட்டு, அப்புறம் படகு நம்பரைப் படி." அப்படி எடுத்ததைத்தான் செய்தியாளர்கள் கேட்டு வாங்கினார்கள். செய்திகளைப் பார்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது.

அதோடு ஒரு பட்டியலும் எழுதினோம். யார் படகு, எத்தனை வலை, எத்தனை நாள் தொழில் இல்லை. கணக்கெடுக்க வந்தவர்களிடம் அதைக் காட்டி, விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கச் சொன்னோம்.

எங்கள் தப்பும் இருக்கிறது. பிடித்ததைப் போடும் பறிக் கூடையை வாயில் கடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவும் பெண்களிடம் படகு கிடையாது. அதனால் எங்கள் வீடியோவிலும் அவர்கள் இல்லை, முதல் பட்டியலிலும் இல்லை. ஒரு ஆயா வந்து "ஆத்துல நாங்களுந்தான்டா கெடந்தோம்" என்று கேட்ட பிறகுதான் தனித் தாளில் எழுதினோம். இன்றும் அது உறுத்துகிறது.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. "ஓடுங்க, ஓடுங்க" என்று குரல்பதிவுகள் பறந்தன. எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒன்றில்கூட இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாற்றம் வந்த திசையிலேயே ஓடியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். இப்போது எங்கள் குப்பத்துக் குழுவில் நேரமும் தெருப் பெயரும் சொல்லாத குரல்பதிவை யாரும் முன்னனுப்பக் கூடாது.

தண்டையார்பேட்டை, தொண்டு நிறுவனத்தில் 19 வருடம்:

2030க்குள் எட்ட வேண்டும் என்று ஐ.நா. சபை வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகள் 17. ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணக் கட்டம் உண்டு. அந்தக் கட்டங்களைப் பதிவில் ஒட்டித் தரவா என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்டு வருவார்கள். ஆறாவது இலக்கு குடிநீரும் சுகாதாரமும். அது எங்கள் தெரு அடிபம்பில்தான் இருக்கிறது, வாங்க என்று கூட்டிப் போனேன். 30 நாள், தினம் காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்துப் படம் எடுத்தார்கள். நேரம், நிறம், நாற்றம், புகார் எண். முப்பது டம்ளரையும் வரிசையாக அச்செடுத்துப் பகுதி அலுவலகத்தில் கொடுத்தோம். தோண்டிப் பார்த்தபோது சாக்கடைத் தண்ணீர் கலந்த இணைப்பு ஒன்று அகப்பட்டது. எங்கள் தெருவுக்குச் சரியானது. அடுத்த தெருவில் இன்னும் மஞ்சளாகத்தான் வருகிறது, அங்கே இப்போது 12ஆம் நாள்.

வியாசர்பாடி, மாலை வகுப்பு நடத்துபவர்:

தாழங்குப்பம் தம்பி, ஞாயிறு காலை வரலாமா? அந்தப் பட்டியலை எப்படிக் கட்டம் போட்டு எழுதினீர்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்து பத்தாவது படிக்கும் இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன். அவர்கள் வீட்டில் கேட்டுவிட்டேன்.