காணாமல் போன நாலு அடி பைப்

வேலைக்குப் போன இடத்தில் பயந்துபோன கதை என்று ஆளாளுக்குப் பாம்பு, குளவி என்று எழுதுகிறீர்கள். குளவிக் கொட்டு நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பைப் வேலைக்குப் போன இடத்தில் எனக்குக் கால் நடுங்கியது ஒரே ஒரு நாள்தான், அது போன பெப்ரவரியில்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பைப் பாஸ், அதாவது பைப் வேலைக்காரன். வேலை எல்லாம் டவுனுக்குள்தான், பிளாட் வீட்டு மோட்டார், மொட்டை மாடி டேங்க், ஒழுகுகிற வால்வு. அக்கா கல்யாணம் கட்டிப் போனது அவிசாவளைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்துக்கு. அதுவும் கொழும்பு மாவட்டம்தான், சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். 1886இல் இருந்து கொழும்புக்குத் தண்ணீர் கொடுக்கிற லபுகம நீர்த்தேக்கமும், அப்புறம் கட்டின கலட்டுவாவயும் அந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கின்றன. ஆனால் அக்கா இருக்கிற லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மீட்டர் தண்ணீர் கிடையாது. மேலே ஊற்றில் ஒரு சின்னக் கட்டு, அங்கிருந்து ஓர் அங்குல பைப், கீழே டேங்க், டேங்கிலிருந்து குழாய். மோட்டார் இல்லை, சரிவிலேயே ஓடி வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த லைனைப் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்காரர் போன். "மச்சான், மூணு நாளா தண்ணி இல்ல, குழாயத் தொறந்தா காத்துதான் வருது." காற்று என்றதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த லைன் ஒரு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறித்தான் வருகிறது, ஊற்று குறைகிற மாதங்களில் மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும், அங்கே காற்றுப் போக ஒரு சின்ன கொக் (திறந்து மூடுகிற வால்வு) வைத்திருக்கிறேன், திறந்துவிட்டால் சரி. 122 பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

மேட்டுக் கொக்கைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால் ஊற்றுக் கட்டுக்குள் தண்ணீர் நிரம்பி வழிகிறது, சல்லடையும் சுத்தம். அப்படியென்றால் நடுவில் எங்கேயோ உடைந்திருக்க வேண்டும். பைப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம், நான் முன்னால், மச்சான் பின்னால். லைன் பெரும்பாலும் பி.வி.சி., பாறையைக் கடக்கிற இடத்தில் மட்டும் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப். ஏனென்றால் அங்கே மண் மூட முடியாது, பன்றி வேறு கிண்டும். அந்த இடத்தில்தான் யூனியனுக்கு (இரண்டு பைப்பைப் பூட்டுகிற இணைப்பு) பக்கத்தில் நாலு அடித் துண்டைக் காணோம். ஹக்சோ பிளேடால் நேராக அறுத்திருந்தார்கள். மூன்று நாள் தண்ணீர் கொட்டிப் பள்ளம் முழுக்கச் சேறு, சேறு முழுக்கப் பன்றிக் குளம்பு. பன்றிக்குச் சேறு என்றால் சொல்லவா வேண்டும்.

அறுத்த முனையைப் பார்க்கக் குனிந்தேன். குனியாமல் நடந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு எட்டு முன்னால், முழங்கால் உயரத்தில், தங்கூசி (மெல்லிய நைலோன் நூல்) ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது, அதில் தண்ணீர்த் துளிகள் மினுங்கின. கண்ணாலேயே அதைத் தொடர்ந்து போனால் ஒரு கவைக் கம்பு, இலை போட்டு மூடின ஒரு பைப், அதன் வாய் பாதையைப் பார்த்து.

கட்டுத்துவக்கு. பன்றிக்கு வைக்கிற துப்பாக்கிப் பொறி, நூலில் கால் பட்டால் தானாக வெடிக்கும்.

"என்ன, பாம்பா?" என்றார் மச்சான். நகர வேண்டாம் என்றேன். சேற்றில் எங்கள் கால் பதிந்த அதே அடையாளத்தில் காலை வைத்துப் பின்னால் வந்தோம், பத்து எட்டு இருக்கும், பத்து நிமிடம் எடுத்தது.

லயத்துக்கு வந்து சொன்னதும் ஒரு பெரியவர், "நீளக் கம்பால தட்டி வெடிக்க வச்சிரலாம், நாங்க எத்தன பாத்திருக்கோம்" என்று கிளம்பிவிட்டார். அவரைப் பிடித்து உட்கார வைத்ததுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை. வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் வாய் வழியாக இடித்து அடைத்த சாமான் அது. தண்ணீருக்குச் செய்த பைப் வெடிக்குத் தாங்கும் என்று யார் சொன்னது, பின்பக்கம் பிளந்தால் கம்பு பிடித்தவருக்குத்தான். பக்கத்தில் இன்னொன்று கட்டியிருக்கவும் கூடும். பொலிஸுக்கு, 119க்கு அடித்தோம், இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். அதுவரை பாதையின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தினோம், பிள்ளைகள் அந்த வழியாகத்தான் விறகுக்குப் போவார்கள். யாருக்காவது பட்டிருந்தால் துணியை வைத்து இறுக்கி அழுத்திக்கொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அடிப்பதைத் தவிர எங்களால் என்ன செய்ய முடியும். பன்றி உயரத்துக்குக் கட்டுகிறார்கள், மனிதனுக்கு அது முழங்கால்.

பொலிஸ் கழற்றிக் கொண்டு வந்தபோது முனையைப் பார்த்தேன். பைப்பில் மரை வெட்டுகிற என் டையில் ஒரு பல் உடைந்தது, நான் வெட்டுகிற மரையில் குறுக்கே ஒரு கோடு விழும். அந்தக் கோடு அதில் இருந்தது. அதாவது என் பைப்பை அறுத்து, அந்த உடைப்பில் சேறாக்கி, அந்தச் சேற்றுக்கு வருகிற பன்றிக்கு அதே பைப்பில் துவக்கு. உடைப்பைத் தேடி யாராவது வருவார்கள் என்று கட்டினவன் நினைத்தானோ இல்லையோ. யார் என்று லயத்தில் தெரியாமல் இருக்காது, யாரும் வாய் திறக்கவில்லை.

துவக்கு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இப்படி என்று சொல்லவில்லை. பக்கத்துக் கிராமத்தில் மரவள்ளி போடுகிற ஒரு சிங்களப் பெரியவரிடம் லைசன்ஸ் உள்ள பன்னிரண்டு போர் துவக்கு இருக்கிறது, வருடா வருடம் புதுப்பிக்கிறார். ஊற்றுப் பக்கம் வந்தால் துவக்கை மடித்துத் தோளில் போட்டு, தோட்டாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவார். ஒருமுறை இருட்டில் என் டோர்ச் வெளிச்சத்தைப் பார்த்து "கவ்த?" என்று, அதாவது யார் என்று, மூன்று தரம் கத்தினார், நான் பதில் சொல்லும்வரை துவக்கின் வாய் நிலத்தைத்தான் பார்த்தது. இப்போது லைன் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே அவருக்குச் சொல்லிவிட்டு, பகலில் மட்டும், சத்தமாகப் பேசிக்கொண்டு போகிறார்கள்.

உடைந்த இடத்தில் திரும்ப ஜி.ஐ. போடவில்லை. போட்டால் அடுத்த துவக்குக்குப் பைப் கொடுத்த மாதிரி. தடித்த பி.வி.சி. போட்டு, கல் அடுக்கி, சீமெந்து பூசினேன். சேறு உள்ளே போயிருந்ததால் டேங்கைக் காலி செய்து தேய்த்து, குளோரின் தூள் கரைத்து ஒரு இரவு விட்டு, காலையில் திறந்து ஊற்றச் சொன்னேன். திங்கட்கிழமை மத்தியானம் தண்ணீர் வந்தது.

அந்த நாலு அடி பைப் இன்னும் பொலிஸில்தான் இருக்கிறது. வழக்கு முடிந்தால் திருப்பித் தருவார்களா என்று மச்சான் போன் எடுக்கிற ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.