அம்மாவை நர்சிங் ஹோம் ரீஹேபுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எடிசன்மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 76 வயது. போன வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். இன்று காலை கேஸ் மேனேஜர் வந்து ஒரு பட்டியலைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ், நாளைக்குள் இடத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தால் எல்லாமே நர்சிங் ஹோம்கள். பெயருக்குக் கீழே 'சப்-அக்யூட் ரீஹேப்' (ஆஸ்பத்திரிக்குப் பிறகு தெரபி கொடுத்துத் தேற்றி அனுப்புவது) என்று போட்டிருக்கிறது.

அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. சுத்த சைவம், முட்டை வாசனையே ஆகாது. எங்கள் வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். இப்போது அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, அதனால் நேராக வீட்டுக்குக் கூட்டி வரும் தைரியம் எங்களுக்கு இல்லை. திருச்சியில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். "அம்மாவைக் கொண்டுபோய் ஹோம்ல விடப்போறியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டான். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அப்பா இங்கே வேலை பார்த்தவர் என்பதால் அம்மாவுக்கு அவர் கணக்கில் மெடிகேர் (முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு) உண்டு. தனியார் கம்பெனி வழியாக இல்லை, அரசாங்கத்தின் நேரடி மெடிகேர்தான், அதற்கு மேல் சப்ளிமென்ட் (நம் பங்கைக் கட்டும் தனிக் காப்பீடு) எதுவும் எடுக்கவில்லை. இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், எத்தனை நாள் பணம் கொடுப்பார்கள்? யாராவது அப்பா அம்மாவை இப்படி அனுப்பியிருந்தால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

பழைய பாஸ்டன்காரர்:

ஒன்றை மட்டும் இன்றைக்கே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மாவை 'இன்பேஷன்ட்' (முறைப்படி சேர்க்கப்பட்ட உள்நோயாளி) என்று சேர்த்திருக்கிறார்களா, 'அப்சர்வேஷன்' (கண்காணிப்பில் மட்டும்) என்றா? நேரடி மெடிகேரில் இன்பேஷன்டாகத் தொடர்ந்து மூன்று நாள் இருந்திருந்தால்தான் ரீஹேபுக்குப் பணம் வரும். டிஸ்சார்ஜ் ஆகும் நாள் கணக்கில் சேராது. ஒரே கட்டில், ஒரே டாக்டர், ஆனால் காகிதத்தில் அப்சர்வேஷன் என்று இருந்தால் முழுச் செலவும் நம் தலையில். இடுப்பு ஆபரேஷன் என்பதால் பெரும்பாலும் இன்பேஷன்டாகத்தான் இருக்கும். இருந்தாலும் வாய்விட்டுக் கேளுங்கள்.

இர்விங்வாசி:

சகோதரி, என் அப்பா பக்கவாதத்துக்குப் பிறகு இங்கே டாலஸ் பக்கத்தில் ஒரு இடத்தில் இருந்தார். 2023ல். கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் முடிந்ததும் மாதாமாதம் பணம் கட்டி வாங்கிய மெடிகேர் அவருடையது. அந்த வருடம் ஆஸ்பத்திரி, ரீஹேப் செலவுக்கான பார்ட் ஏ-க்கு மட்டும் மாதம் 506 டாலர். எதற்கு இவ்வளவு கட்டுகிறோம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம், அந்த வருடமே அது தேவைப்பட்டது.

உங்கள் தம்பிக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். ஊரில் ஹோம் என்றால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற இடம். இங்கே அம்மா போவது நர்சும் தெரபிஸ்டும் பக்கத்தில் இருக்க, எழுந்து நடக்கப் பழகிவிட்டு வீட்டுக்குத் திரும்புவதற்காக. ஆனால் அதே கட்டடத்தில் வருடக்கணக்கில் தங்கியிருக்கிறவர்களும் இருப்பார்கள். வராந்தாவில் வரிசையாக சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, குழறிய பேச்சில், "விட்டுட்டுப் போயிடாதேடா" என்றார். அம்மாவும் பயப்படுவார். முதல் இரண்டு மூன்று நாட்கள் யாராவது ஒருவர் முடிந்த அளவு கூடவே இருங்கள்.

தேர்வு விஷயம். மெடிகேரின் 'கேர் கம்பேர்' தளத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து நட்சத்திரம் வரை போட்டிருப்பார்கள். மொத்த நட்சத்திரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் ஒரு பகுதி அந்த இடமே எழுதிக் கொடுக்கும் விவரத்திலிருந்து வருவது. ஆட்கள் எத்தனை பேர் என்ற கணக்கு சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது, அதனால் அதை நம்பலாம். அதிலும் சனி ஞாயிறு ஆட்கள் எத்தனை, வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் மூன்று நட்சத்திரம், நாற்பது நிமிடத்தில் இருக்கும் ஐந்து நட்சத்திரத்தைவிட நல்லது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நீங்கள் அடிக்கடி போய் நிற்பதுதான் அம்மாவுக்குப் பெரிய காவல். ஒரே நேரத்துக்குப் போகாதீர்கள். காலை ஏழு, மதியம் மூன்று, இரவு பதினொன்று, இப்படித்தான் பெரும்பாலும் ஷிப்ட் மாறும். அந்த நேரத்தில்தான் அழைப்பு மணியை அழுத்தினால் ஆள் வரத் தாமதமாகும்.

மொழிதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. பக்கவாதத்துக்கு முன் அப்பா ஓரளவு ஆங்கிலம் பேசுவார். அதற்குப் பிறகு தமிழ் மட்டும்தான் வந்தது. வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டால், நாம் ஆமாம் என்பதற்குத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவோமே, அப்படி ஆட்டுவார். அவர்கள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா வலியோடே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு வலி, தண்ணீர், பாத்ரூம், குளிர், தலை சுற்றல் என்று தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, எதிரில் படமும் வரைந்து சுவரில் ஒட்டினேன். தலையாட்டலின் அர்த்தத்தையும் அதிலேயே எழுதினேன். மெடிகேர் பணம் வாங்கும் இடம் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். போன் மூலம் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். "என் அம்மாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று சேர்க்கும்போதே எழுதச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் வேலை செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்யாவிலிருந்து வந்த ஒரு உதவியாளர் அம்மா இருந்தார். அந்தச் சுவர்த் தாளைப் பார்த்து, காலையில் வந்ததும் "வலி?" என்று கேட்பார். அப்பாவைக் குளிப்பாட்டும்போது முதலில் துண்டால் முழுக்கப் போர்த்தி, ஒரு கை ஒரு கையாக வெளியே எடுத்துத் துடைப்பார். நான்கு பேர் வேலையை ஒரு ஆள் பார்க்கும் இடத்தில் அப்படிச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும்! ஒரு மலையாளி நர்ஸ் இருந்தார், அவரிடம் அப்பா தமிழில் பேசுவார், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். அதே இடத்தில்தான் ஒரு விடியற்காலை நான் போனபோது அப்பா நனைந்த படுக்கையில் கிடந்தார். முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. அன்றைக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் நடுங்கியது எனக்கு.

படுத்தபடியே இருப்பவர்களுக்கு அந்தச் சிவப்பு படுக்கைப் புண்ணாக மாற அதிக நேரம் ஆகாது. நான் நர்சிங் டைரக்டரிடம் போய், அந்தச் சிவப்பின் படத்தைக் காட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுத்தில் போடச் சொன்னேன். சேர்த்த 48 மணி நேரத்துக்குள் முதல் திட்டம் போட்டு அதன் சுருக்கத்தை நமக்குத் தர வேண்டும், பிறகு விரிவான திட்டத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். பேசியும் சரியாகவில்லை என்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஆம்பட்ஸ்மன்' என்று ஒருவர் உண்டு, குடியிருப்போர் பக்கம் நின்று பேசுவதே அவர் வேலை, காசு கிடையாது. அவருடைய எண் வராந்தாவிலேயே ஒட்டியிருக்கும். நான் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு திருப்பிப் படுக்க வைத்த நேரம் தவறாமல் தாளில் ஏறியது. சிவப்பும் ஆறியது.

சாப்பாடு. அப்பாவுக்கு விழுங்குவதில் சிரமம், அதனால் எல்லாமே கூழாக அரைத்துத்தான் தர வேண்டும். சைவம் என்றதும் தினமும் மசித்த உருளைக்கிழங்கு. காபியில்கூடப் பவுடர் போட்டுக் கெட்டியாக்கித் தந்தார்கள், அதைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். எடை இறங்கியது. பேச்சு தெரபிஸ்டிடம் வீட்டுத் தயிர்சாதத்தைக் குழைய அரைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பெண் ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார், ஒட்டாமல் ஒரே கட்டியாக விழுகிறதா என்று. இரண்டாம் தடவை சரியான பதம் வந்தது. டாக்டர் உத்தரவில் 'வீட்டுச் சாப்பாடு தரலாம்' என்று எழுதினார்கள். அன்று அப்பா கிண்ணத்தைக் காலி செய்தார். உங்கள் அம்மாவுக்கு விழுங்கும் சிரமம் இல்லை என்றால் இந்தப் பாடெல்லாம் கிடையாது. நர்சிடம் சொல்லிவிட்டு டப்பாவில் கொண்டுபோகலாம், பெயரும் தேதியும் ஒட்டி அவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்வார்கள்.

பணம். முதல் 20 நாள் முழுதும் மெடிகேர். 21லிருந்து 100 வரை நாம் ஒரு பங்கு கட்ட வேண்டும், 2025ல் அது நாளைக்கு 209.50 டாலர். சப்ளிமென்ட் இருந்தால் பெரும்பாலும் அது கட்டிவிடும், உங்களுக்கு இல்லை என்பதால் இதை மனதில் வையுங்கள். ஆனால் 100 நாள் நிச்சயம் என்று யாரும் எழுதித் தரவில்லை. தினசரி தெரபியோ நர்சிங்கோ தேவைப்படும் வரைதான். ஒருநாள் திடீரென்று ஒரு தாளை நீட்டி, இன்ன தேதியோடு மெடிகேர் நிற்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். குறைந்தது இரண்டு நாள் முன்னால் அந்தத் தாள் வர வேண்டும். கையெழுத்து, தாள் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான், சம்மதத்துக்கு இல்லை. அதிலேயே அப்பீல் எண் இருக்கும். நிற்கும் தேதிக்கு முந்தைய நாள் மதியம் பன்னிரண்டுக்குள் கூப்பிட வேண்டும். வெளியாள் ஒருவர் கோப்புகளைப் பார்த்து முடிவு சொல்வார், இதற்கும் காசு கிடையாது.

எங்களுக்கு வந்தபோது சொன்ன காரணம், அப்பாவுக்கு இனி முன்னேற்றம் இல்லை என்பது. 2013ல் ஜிம்மோ என்ற வழக்கில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, முன்னேற்றம் இருந்தால்தான் பணம் என்று மெடிகேர் சொல்ல முடியாது. இருக்கிற நிலை கெட்டுப்போகாமல் காக்கத் தேர்ந்த ஆள் தேவை என்றாலும் தர வேண்டும். நான் அப்பீலில் அதைச் சொன்னேன். தெரபிஸ்டின் குறிப்புகளும் உதவின. எங்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்தக் கூடுதல் நாட்களில்தான் அப்பா கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு ஆள் துணையோடு மாறக் கற்றுக்கொண்டார். அது இல்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கவே முடியாது.

இரவு ஷிப்ட்:

அக்கா, நான் பென்சில்வேனியாவில் இப்படி ஒரு இடத்தில் நர்ஸ். இர்விங்காரர் சொன்னது எல்லாம் சரி. இடுப்பு முறிவுக்கு என் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

குதிகாலைப் பாருங்கள். ஆபரேஷன் செய்த காலை அசைக்க பயந்து அப்படியே வைத்திருப்பார்கள், குதிகாலில் புண் வரும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் வைக்கச் சொல்லுங்கள். தெரபிக்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை கொடுத்தால்தான் அம்மா நடக்கச் சம்மதிப்பார். நம்ம ஊர் அம்மாக்கள் வலிக்குது என்று வாய் திறக்க மாட்டார்கள், அதனால் 'கேட்டால் தரலாம்' என்று இருக்கும் மாத்திரையை நேரம் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாத்திரையால் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும். எத்தனை நாளாகப் போகவில்லை என்று நீங்களே விசாரியுங்கள்.

இரவில் அம்மா குழம்பிப் பேசினால், இது எந்த ஊர் என்று கேட்டால், வயசு என்று விட்டுவிடாதீர்கள். திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, மருந்து, உடம்பில் தண்ணீர் குறைவு என்று ஏதாவது இருக்கலாம். அன்றைக்கே நர்சிடம் சொல்லுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவார் என்று உங்களுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

புடவை வேண்டாம். தளர்வான சுடிதார் பேன்ட், பின்னால் மூடிய, வழுக்காத ஷூ. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். வளையல், சங்கிலியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். பல்செட்டை டிஷ்யூவில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிட்டால் அது குப்பைக்குப் போய்விடும். மூடி வைத்த டப்பா ஒன்று கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

எடிசன்மகள்:

எல்லோருக்கும் நன்றி. இன்பேஷன்ட்தான் என்று உறுதி செய்துவிட்டேன். பட்டியலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை இன்று போய்ப் பார்த்தேன், அதைத்தான் சொல்லப்போகிறேன். இர்விங் அண்ணா எழுதியதைத் தம்பிக்கு அனுப்பினேன். இரவு கூப்பிட்டு அம்மாவிடம் அவனே பேசினான். ராத்திரி நான் கூடத் தங்க விடுவார்களா?

இரவு ஷிப்ட்:

அம்மாவுக்குச் சம்மதம் என்றால் நெருங்கிய குடும்பத்தாரை எந்த நேரமும் பார்க்க விட வேண்டும் என்பது விதி. பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் இருந்தால் அவருக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்கச் சொல்வார்கள். நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்று சொன்னீர்களே. சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் சட்டக் கட்டுப்பாடுள்ள பலமான வலி மாத்திரை மருந்தகத்திலிருந்து வர நடு ராத்திரிகூட ஆகலாம். அதற்கான மருந்துச் சீட்டு டாக்டர் கையெழுத்தோடு அம்மாவின் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வேளை கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் காலையிலேயே வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், தெரபிஸ்ட் அன்றைக்கே வந்து பார்க்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் பல இடங்களில் திங்கள்கிழமைதான்.