வெளிச்சத்தம் தடுக்கும் இயர்போன்: ஆலோசனை தேவை

காரைக்குடியிலிருந்து மதுரைக்கு வாரம் மூன்று நாள் பேருந்தில் சென்று வரும் நான், வழியில் நாகசுரப் பதிவுகளைக் கேட்பதற்காக, காதுத் துளைக்குள் செருகி வெளிச்சத்தத்தைத் தடுக்கும் இயர்போன் ஒன்றைத் தேடுகிறேன். என்னிடம் இருப்பதன் சிலிக்கோன் முனை, பிள்ளையார்பட்டி தாண்டுவதற்குள் இடது காதிலிருந்து நழுவிவிடுவதால், தவிலின் கனம் போய் நடத்துநரின் விசில்தான் மிஞ்சுகிறது. ஒலியைக் கூட்டினால் செவிக்குக் கேடு. பேட்டரியில் இயங்கி இரைச்சலை நீக்கும் வகை வேண்டாம். காதை அடைத்தே தடுப்பது போதும்.

எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த ஈஆர்4 இயர்போன் போன்றவற்றில் வரும் மூன்றடுக்கு முனை ஆழமாகச் செல்லும் என்றாலும், இரண்டு மணி நேரம் வலியின்றி அணிய முடியுமா? உருட்டிச் செருகினால் உள்ளே விரிந்துகொள்ளும் நுரை முனை, நம் ஊர் வியர்வைக்கு எத்தனை மாதம் தாங்கும்? 3.5 மி.மீ. செருகியுடன் ரூ.5,000-க்குள் இருப்பவற்றைப் பயன்படுத்தியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.